பச்சை அந்துப்பூச்சிக்கு மாப்பிள்ளை தேடி அயனம்பாக்கம் போனது

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பூந்தமல்லியில் செங்கல் சூளை போட்டேன். துரைமார் பங்களாக்களுக்குக் கல் கொடுத்தேன். உப்புத்தண்ணீர்தான் வரும் என்று ஊரே சிரித்த இடத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டினேன். சூளையைச் சுற்றி ஒதிய மரக்கிளைகளை நட்டு உயிர்வேலி வளர்த்தேன். அந்த வேலிக்குத்தான் பச்சை அந்துப்பூச்சி குடிவந்தது. பூந்தமல்லியில் வேறு யார் வேலிக்காவது வந்ததா?

இந்த ஆவணியில், உடம்பு அரிக்குமென்று பயந்த சூளை ஆட்கள், விரல் தடிமனான அதன் பச்சைப் புழுக்களையெல்லாம் நெருப்பில் தட்டிவிட்டார்கள். இலைகளைச் சேர்த்துப் பின்னிய கூடு ஒன்றுதான் மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை காலை அதிலிருந்து பெண் பூச்சி வெளிவந்தது. விரித்த கை அகலம், வெள்ளரிப்பிஞ்சு நிறம், பஞ்சு போன்ற உடம்பு, ஒவ்வொரு இறக்கையிலும் ஒரு கண், பின்னால் இரண்டு நீள வால். ஒரு வாரம்தான் உயிரோடிருக்கும். அதற்குள் ஆண் சேராவிட்டால் முட்டை பொரிக்காது, என் வேலியில் அந்த வம்சமே முடிந்தது. அயனம்பாக்கத்தில் என் சம்பந்தியம்மாள் தனபாக்கியத்தின் ஒதிய வேலியிலும் இதே கூடுகளைப் பார்த்திருந்தேன். பூச்சியைக் கூடையில் வைத்துக் கிளம்பிவிட்டேன்.

பிற்பகல் மூன்று மணி. ஐந்து மைலுக்கு ஜட்கா வாடகை எட்டணா. ஓட்டியவர் காதர்.

"இன்னா நைனா, கூடைல கோழியா?"

"கல்யாணப் பொண்ணு. குலுக்காம ஓட்டு."

வேலப்பன்சாவடியில் குதிரைக்குத் தண்ணீர் காட்டியவர், பூச்சிக்கும் வெல்லத்தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அது அசையவே இல்லை. இதற்கு வாயே கிடையாது, புழுவாயிருந்தபோது தின்றதுதான் கடைசிவரை சோறு என்றேன்.

"சோறே வோணாத பொண்ணா! மாப்ளை குடுத்து வெச்சவன்" என்று அதைத் தானே குடித்துவிட்டார்.

ஐந்து மணிக்கு அயனம்பாக்கம். ஏரிக்காற்று முகத்தில் அடித்தது. தனபாக்கியம் அரிவாளோடு வேலியோரம் நின்றிருந்தார்.

"வா சம்பந்தி. புழு தின்னு வேலியே மொட்டையாப் பூட்ச்சி. இப்பவே வெட்டிட்டுக் காலைல முள்ளு கட்டப்போறேன்."

"அவசரப்படாத. வெடியட்டும். ஒரு கல்யாணம் கீது."

கூடையைத் திறந்து காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"பூச்சிக்கு மாப்ளை தேடிகினு அஞ்சு மைல் வந்தியா? உன் புள்ளைக்குப் பொண்ணு பாக்கக்கூட நீ இப்படி அலையலையே!"

கூடையை மூடாமல் வேலியில் மாட்டினேன். ஆண் சேரும்வரை பெண் இடம் விட்டு நகராது, அதன் வாசனைக்கு இருட்டில் ஆண்தான் தேடி வரும். விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். விளிம்பில் என் பெண். அதை ஒட்டி, கோழியிறகு போன்ற மீசையோடு ஓர் ஆண்! பின்னால் வந்த தனபாக்கியம் அரிவாளை அப்படியே கீழே போட்டார்.

"அடியே, எல்லாம் ஓடியாங்க! மாப்ளை வந்துட்டாரு!"

தெருவே கூடியது. கூடைக்குக் குங்குமம் வைத்தார்கள். "இனிமே இந்த வேலில எவனாச்சும் புழு மேல கை வெச்சான், கைய ஒடிப்பேன்" என்றார் அம்மாள். மறுநாள் கூடையெல்லாம் முட்டை. பாதியை அவர் வேலிக்கு விட்டு, பாதியோடு திரும்பினேன். இப்போது இரண்டு ஊரிலும் குட்டிப் புழுக்கள் இலை கடிக்கின்றன. என் ஆட்கள் வேலிப்பக்கம் நெருப்பே கொண்டுபோவதில்லை.

ஆனால் அயனம்பாக்கத்தில் அந்த அம்மாள், எல்லாம் தன் வேலியின் அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மாப்பிள்ளை அவர் வேலிக்காரன்தான், மறுக்கவில்லை. பெண் யாருடையது? மடியில் வைத்துக் கொண்டுபோனது யார்? அந்த ஏரிக்கரையில் பச்சை இறக்கையைப் பார்க்கிறவர்கள் என் பெயரையும் சொல்லவேண்டும். முதலில் சொல்லவேண்டும்.