தனக்கோடியின் முட்டியும் ஐந்து வருஷத்து வாய்தாவும்

பேருக்குத்தான் தனக்கோடி. கோடி கிடக்கட்டும், ஒரு நூறு ரூபாய் நோட்டு அவள் கையில் ஒரு வாரம் தங்கினதில்லை. புதுப்பட்டினத்தை ஒட்டின குப்பத்தில் வீடு. புருஷன் இருசப்பன் கட்டுமரம் ஏறுவான். அவள் கரையில் மீன் எடுத்துக் கூடையில் அடுக்கி, தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்பாள். கூடைக்காரிகளில் அவள் நடைதான் வேகம், வாய் அதைவிட வேகம். அவளிடம் பேரம் பேசி ஜெயித்ததாகச் சொல்கிறவன் எவனாவது இருந்தால் அவன் பொய்யன்.

எழுபத்திரண்டு தை மாதம். மணமைப் பக்கம் ரோட்டோரமாக நடந்து வந்துகொண்டிருந்தவளைப் பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் அடித்தது. ஓட்டி வந்தவன் கல்பாக்கத்தில் கட்டட வேலை எடுத்திருந்த ஒரு காண்டிராக்டரிடம் ஓவர்சியர். கூடை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வலது முட்டி உடைந்து போயிற்று.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டில்காரிக்குக் காலை எடுத்துவிட்டார்கள். அடுத்தது நாம்தான் என்று தனக்கோடிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அக்கா முனியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்து, எலும்புக்குக் கட்டுப் போடுகிற நாட்டு வைத்தியரிடம் போய்விட்டாள். அவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அதோடு ஆஸ்பத்திரிச் சீட்டும் பாதியில் நின்றுபோனது.

நஷ்டஈடு கேட்டு ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று யாரோ சொல்ல, ஆனி மாதம் செங்கல்பட்டு வக்கீல் கங்காதரனிடம் போனாள். அவர் நல்ல மனுஷர். அவசரம் என்பதுதான் அவர் ரத்தத்தில் கிடையாது.

"எத்தினி நாள் ஆவும் வக்கீலய்யா?"

"ஒரு வருஷம். மிஞ்சிப் போனா ஒன்றரை."

ஒன்றரை வருஷமாம். கேட்பவளுக்கு விவரம் தெரியாது, சொன்னவருக்காவது தெரிய வேண்டாமா? முதல் வருஷம் அந்த ஓவர்சியரைத் தேடியே போயிற்று. காண்டிராக்ட் முடிந்து அவன் எங்கேயோ வடக்கே போய்விட்டான். சம்மன் போன கையோடு திரும்பி வந்தது. இரண்டாவது வருஷம் அந்த வண்டியின் இன்ஷூரன்ஸ் கம்பெனியையே காணவில்லை. சர்க்கார் எல்லாக் கம்பெனிகளையும் எடுத்துக்கொண்டு வேறு பெயர் வைத்துவிட்டதாம். மனுவில் பெயரைத் திருத்திப் புதிதாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றார் கங்காதரன்.

"இன்னா சார் இது. அடிச்ச வண்டி கீது, என் முட்டி கீது. கம்பெனி மட்டும் எங்க பூட்ச்சு?" என்றாள்.

மூன்றாவது வருஷம் பாதியில் நின்ற ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு அலைச்சல். நான்காவது வருஷம் ஜட்ஜ் மாற்றலாகிப் போனார், புது ஜட்ஜ் வர ஏழு மாதம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் பஸ்ஸைப் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய், கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் மத்தியானம் வரை உட்கார்ந்து, "அடுத்த மாசம் பதினாறு" என்று கேட்டுக்கொண்டு திரும்புவாள். அன்றைக்கு வியாபாரம் போச்சு, பஸ் சார்ஜும் போச்சு. வழக்கில் வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

சீட்டுக்காகப் போனபோது எலும்பு டாக்டர் ஒருவர் முட்டியைப் படம் எடுத்துப் பார்த்தார். "ஆபரேஷன் காலம் கடந்துபோச்சும்மா. இனிமே சுமை தூக்கக் கூடாது. தூக்கிக்கிட்டே இருந்தா ரெண்டு மூணு வருஷத்துல முட்டி மடங்காமலே போயிடும், அப்புறம் கட்டையாட்டம் இழுத்துக்கிட்டுத்தான் நடக்கணும்" என்றார்.

புதுப்பட்டினம் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்க ஓர் இடம் பிடித்தால் சுமக்க வேண்டாம். குத்தகைக்காரருக்கு முன்பணம், கரையில் ஏலத்தில் எடுக்கக் கைமுதல், எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பணம் கேஸில் வர வேண்டும். கேஸ் முடியும்வரை சாப்பிட வேண்டும். இரண்டு பெண்பிள்ளைகள், இருசப்பனுக்குக் கடல் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆகவே சுமப்பதை நிறுத்தப் பணம் வரும்வரை சுமக்கத்தான் வேண்டும். இந்தக் கொடுமையை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

எழுபத்தேழாம் வருஷம் ஆனி மாதக் கடைசியில் ஒரு புதிய ஆள் தெருவில் தென்பட்டார். திருநாவுக்கரசு என்று பெயர், வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை. புதுப்பட்டினத்தில் மாடி அறை எடுத்துத் தங்கியிருந்தார். விடிந்ததும் முதல் ஆளாக அவள் கூடையை நிறுத்துவார். பேரம் கிடையாது, கடன் கிடையாது. அவர் போணி பண்ணின நாளெல்லாம் ஒன்பது மணிக்குள் கூடை காலி.

மீன் விற்கிறவளுக்குப் போணி என்பது சாதாரண விஷயமில்லை. முதல் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் முந்தானையில் முடிய மாட்டாள். போணி பண்ணுகிறவர் முகம் சுளித்துத் திரும்பிப் போனால் அன்றைய மீன் கருவாடுதான். "கைராசிக்காரரு" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தாள் தனக்கோடி. அவருக்கென்று நல்ல சங்கரா மீனாகப் பார்த்துக் கூடை அடியில் வைப்பாள்.

ஒருநாள் காலை அவர் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு சொன்னார்: "அம்மா, என் சம்சாரம் வந்திருக்கா. கூடையோட மேல வந்தீங்கன்னா அவளே பார்த்து எடுத்துப்பா."

படியைப் பார்த்தாள், பதினாலு. கூடையைக் கீழே வைத்துவிட்டு நாலு மீனைக் கையில் எடுத்துப் போகலாம்தான். ஆனால் போணி ஆகாமல் கூடையை இறக்கி, சுமந்த மீனைப் பங்கு பிரிப்பது ஆகாது என்பது குப்பத்துப் பெண்களின் வழக்கம். அவர் சொல்லையும் தட்டக்கூடாது. தனக்கோடி கூடையோடு ஏறினாள். மேலே சம்சாரமும் இல்லை, ஒரு சட்டி பானையும் இல்லை. ஒரு பாயும் மேஜையும் கிடந்தன. "கோயிலுக்குப் போயிருப்பா போல" என்று சொல்லி, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மீன் வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியது.

ஆவணியில் சாட்சி விசாரணை. ஐந்து வருஷத்தில் முதல்முறையாக "இன்னைக்குக் கட்டாயம் நடக்கும்" என்று கங்காதரன் சொன்ன நாள். முனியம்மாவும் கூட வந்தாள். கோர்ட்டு வராந்தாவில் கால் வைத்தவுடன் தனக்கோடி நின்றுவிட்டாள். கம்பெனி வக்கீல் பக்கத்தில், மடியில் ஒரு பையோடு திருநாவுக்கரசு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"அக்கா, அதோ கைராசிக்காரரு" என்றாள்.

கங்காதரன் விசாரித்துக்கொண்டு வந்தார், முகம் செத்துப்போயிருந்தது. "அவர் கம்பெனி அனுப்பின ஆள். உன்னை ஒன்றரை மாசமா பின்தொடர்ந்து ரிப்போர்ட் குடுத்திருக்கார். கூடையோட மாடிப்படி ஏறினேன்னு எழுதியிருக்கார். இது நின்னா கேஸ் போச்சும்மா."

தனக்கோடிக்குப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்த சங்கரா எல்லாம் நினைவுக்கு வந்தது. பாவி மனுஷன், தின்னும்போது தொண்டையில் ஒரு முள்ளாவது சிக்கியிருக்கக்கூடாதா?

முனியம்மா அவளை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போனாள். அக்கா தங்கை இரண்டு பேருக்கும் ஒரே ஜாடை. "இன்னாத்துக்குப் பயப்படற. ஏறினது நானில்ல, எங்கக்கான்னு சொல்லிடு. நானும் வந்து ஆமான்னு சொல்றேன். எவன் கண்டான்?" என்றாள். கங்காதரன் காதில் விழுந்திருக்கும். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

கூண்டில் ஏறினாள். சத்தியம் வாங்கினார்கள். கம்பெனி வக்கீல் ஊர், பேர், தொழில் எல்லாம் மெதுவாகக் கேட்டுக்கொண்டே வந்து கடைசியில் அங்கே வந்து நின்றார்.

"போன மாசம் புதுப்பட்டினத்துல ஒரு மாடி வீட்டுக்குத் தலையில கூடையோட ஏறினது நீதானே?"

எங்கக்கா என்கிற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கதவருகே முனியம்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்த வக்கீல் ஒரு நொடி பொறுத்திருந்தால் பொய் வந்திருக்கும். அவர் பொறுக்கவில்லை.

"பூக்கூடையைத் தூக்கிட்டுப் போற மாதிரி, ஒரு இடத்துலகூட நிக்காம ஏறியிருக்கே. வலியெல்லாம் கோர்ட்டுக்கு வந்தாதான் வரும் போலிருக்கு."

அவ்வளவுதான். தனக்கோடிக்கு அக்காவும் மறந்தது, கேஸும் மறந்தது.

"யாரு நிக்கல? நான்தான் ஏறினேன். பதினாலு படி. படிக்குப் படி நின்னேன். எட்டாவது படியில கண்ணு இருட்டிகினு வந்துச்சு, செவுத்தைப் புடிச்சிகினு நின்னேன். அந்த ஆளு கீய நின்னு பாத்துகினு இருந்தாரு. இட்டாந்து கேளுங்க."

கங்காதரன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். கம்பெனி வக்கீல் சிரித்தபடி உட்கார்ந்தார். ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவ்வளவு வலின்னா ஏம்மா ஏறினே?"

"போணி பண்றவரு கூப்ட்டா மாட்டேங்கக் கூடாது சாமி. அன்னைக்குப் பூரா கூடை நகராது. அஞ்சு வருசமா நீங்க வாய்தா குடுத்துகினு கீறீங்க. வவுத்துக்கு எவன் வாய்தா குடுப்பான்?"

ஜட்ஜ் எதையோ எழுதிக்கொண்டார். நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்து திருநாவுக்கரசு. அதுவரை வராந்தாவில் இருந்ததால் அவள் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை. கூடையோடு ஏறினாளா என்று கம்பெனி வக்கீல் கேட்டார். ஏறினார் என்றார். போதும் என்று அவர் உட்கார, கங்காதரன் எழுந்தார். ஐந்து வருஷத்தில் அந்த மனுஷர் அவ்வளவு வேகமாக எழுந்து அவள் பார்த்ததில்லை.

"அன்னன்னைக்குப் பார்த்ததைக் குறிச்சு வெப்பீங்களா?"

"வெப்பேன். நோட்டு இருக்கு."

"நேரம் போடுவீங்களா?"

"போடுவேன்."

"அந்த நாள் பக்கத்தைப் படிங்க."

கம்பெனி வக்கீல் ஆட்சேபணை என்று எழுந்தார். படிக்கட்டும் என்றார் ஜட்ஜ். திருநாவுக்கரசு பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துப் பக்கம் புரட்டினார். ஒருதரம் தனக்கோடியைப் பார்த்தார். அவருடைய கிறுக்கலை வேறு யாரும் படிக்க முடியாது. என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"ஆறு ஐம்பதுக்கு முதல் படி. ஒன்பது தடவை நின்றார். எட்டாவது படியில் சுவரில் சாய்ந்தார். ஏழு மணி நாலு நிமிஷத்துக்கு மாடி."

பதினாலு படிக்குப் பதினாலு நிமிஷம். அவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தெரியாது. எழுதினதை எழுதினபடி படித்தார், அவ்வளவுதான். ரிப்போர்ட்டில் இந்த நேரமெல்லாம் ஏன் இல்லை என்று ஜட்ஜ் கேட்டபோது, "அவங்க கேட்டது ஏறினாங்களா இல்லையான்னு மட்டும்தான்" என்றார்.

ஐந்து வாரம் கழித்துத் தீர்ப்பு. ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். குப்பத்தில் சர்க்கரை கொடுத்தார்கள். அந்தச் சர்க்கரை நாக்கில் கரையும் முன்னே கங்காதரன் ஆள் அனுப்பினார். கம்பெனி ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகிறதாம்.

கங்காதரன் ஆபீசில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். "அப்பீல் போனா மூணு வருஷம் ஆகும். நாமதான் ஜெயிப்போம், சந்தேகமே இல்லை. இல்லேன்னா கம்பெனி ஒண்ணு சொல்றாங்க. மூவாயிரம் வாங்கிக்கிட்டு முடிச்சுக்கோன்னு. கையெழுத்துப் போட்டா ஒரே மாசத்துல கட்டிடுவாங்க. நான் வேண்டாம்பேன்" என்றார் அவர்.

"மூவாயிரமா? இன்னா அநியாயம். பாதிகூட இல்ல" என்றாள் முனியம்மா.

தனக்கோடி காலைப் பார்த்தாள். இந்த ஐப்பசியிலிருந்து காலையில் எழுந்தால் முட்டி மடங்குவதில்லை. வெந்நீர் ஊற்றி, கையால் பிசைந்து, அரை மணி போன பிறகுதான் மடங்குகிறது.

"மூணு வருசம் கயிச்சு ஜெயிச்சா, பணம் வரும். சரி. எங்காலு வருமா வக்கீலய்யா?"

கங்காதரன் மேஜையிலிருந்த காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். அவருக்குக் கண் கலங்கியிருந்ததா, இல்லை வெயில் பட்டதா, நான் சொல்ல மாட்டேன். தனக்கோடி மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, அவர் காட்டுவதற்கு முன்பே கட்டை விரலை அழுத்தி எடுத்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் முனியம்மா திருக்கழுக்குன்றம் வரை புலம்பிக்கொண்டே வந்தாள். "நீ ஜெயிச்ச கேசு. அவனுங்க ஏமாத்திட்டானுங்கடி."

"ஜெயிச்சது நான்தான். யாரு இல்லேன்னா? ஆனா அவனுங்க எத்தினி வருசம் வோணா காத்துகினு இருப்பானுங்க. அவனுங்களுக்கு இன்னா, ஆபீஸ்ல ஃபேன் ஓடுது. எங்காலு காத்துகினு இருக்காதுக்கா" என்றாள் தனக்கோடி. சொல்லிவிட்டு, ஐந்து வருஷமாக அழாத அழுகையை எல்லாம் சேர்த்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். விட்டுக்கொடுத்த மூவாயிரத்து ஐந்நூறுக்காக அழவில்லை. அந்த ஐந்து வருஷத்துக்காக அழுதாள்.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, வலது காலை எதிர் சீட்டின் மேல் நீட்டி வைத்துக்கொண்டாள். கண்டக்டர் காலை எடுக்கச் சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த சீட்டுக்கு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.