ஆரோக்கியசெல்வியும் காத்துப் பெட்டியும்

கிருமாம்பாக்கத்தில் பெரிய ரோட்டைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் அங்கன்வாடியில் ஆரோக்கியசெல்வி உதவியாளராக வேலை பார்க்கிறாள். நாற்பத்தாறு வயது. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கையில் எக்ஸ்ரே கவர் இருந்தால் போதும், இறங்குவதற்குள் எந்த எலும்பு, எப்படி உடைந்தது, யார் கட்டுப் போட்டது என்பதுவரை கேட்டுவிடுவாள். கரும்புக்கு மருந்தடிக்க டிரோன் வந்த நாளில், காக்கா மோதினால் என்ன ஆகும் என்று கேட்டு அதை இயக்கியவர்களையே யோசிக்க வைத்தவள்.

அப்படிப்பட்டவளுக்குத் தன் தூக்கத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது.

மதியம் சோறு ஊட்டிப் பிள்ளைகளைப் பாயில் கிடத்தினால் முதலில் தூங்குவது அவள்தான். காலையில் எழுந்தாலும் தலை கனக்கும், நாக்கு வறண்டிருக்கும். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டாள். தனக்கொடி டீச்சர் மீட்டிங்குக்குப் போயிருந்த ஒரு மதியம், இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று கதவுக் கொக்கியைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போய்விட்டது. தெருமுனை டீக்கடைக்காரர் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டியபோதும் செல்வி எழுந்திருக்கவில்லை. அவர் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. டீச்சரும் பெரிதாகத் திட்டவில்லை, "உடம்பப் பாருங்க செல்வி" என்று மட்டும் சொன்னார். நன்றாகத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

சாயந்திரம் புருஷன் மரியதாஸிடம் சொன்னாள். அவன் குட்டியானை வண்டியில் லோடு அடிப்பவன். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"நீ கொறட்ட வுடறது எனக்குப் பழகிப்போச்சி செல்வி. நடுவுல டக்குனு நின்னுபோவும் பாரு, அப்பதான் எனக்கு முழிப்பு வரும்."

"நின்னுபோவுமா? இன்னா நின்னுபோவும்?"

"மூச்சுதான்."

"ஏன் இத்தினி நாளா சொல்லல?"

"பொம்பளைகிட்டப் போயி, நீ கொறட்ட வுடறன்னு எப்படிச் சொல்றது? மொகத்த தூக்கி வச்சிக்குவ."

அன்றைக்கு ராத்திரி தான் தூங்கும்போது அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்யச் சொன்னாள். காலையில் உலை கொதிக்கும்போது போனைக் காதில் வைத்துக் கேட்டாள். மரம் அறுப்பதுபோல ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. வெகுநேரம் கழித்து, தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவர்போல ஒரு பெரிய இழுப்பு. திரும்பவும் அறுப்பு. சத்தம் நின்ற இடத்தை அவள் மறுபடி மறுபடி போட்டுக் கேட்டாள். பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

"அந்த நேரத்துல நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன்?" என்று கேட்டாள்.

"சும்மாதான் படுத்துக்கினு இருந்த," என்றான் மரியதாஸ்.

பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்க வைத்து, தலையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டிப் பரிசோதித்தார்கள். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து காற்றுப் போகும் வழியை அடைத்துவிடுகிறது, ஒரு மணி நேரத்தில் முப்பது தடவைக்கு மேல் மூச்சு தடைபடுகிறது என்றார் டாக்டர். ஒவ்வொரு தடவையும் மூளை லேசாக விழித்து அவளை மீட்கிறதாம்.

"அப்போ ராத்திரி பூரா நான் முழிச்சிக்கினேதான் இருக்கனா சார்?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

சிபாப் என்ற மிஷினைக் கொடுத்தார்கள். டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், மூக்கின்மேல் மாட்ட ஒரு மாஸ்க். அது தள்ளுகிற காற்று தொண்டையை மூடவிடாமல் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

முதல் ராத்திரி, கிணற்றில் குதித்ததுபோல மூக்கில் காற்று ஏறியது. வாயைத் திறந்தால் காற்று வாய்வழியாகப் பீறிட்டு வெளியே போனது. எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே தெரியாது, காலையில் மாஸ்க் மரியதாஸின் முதுகுக்கடியில் கிடந்தது. மறுநாள் அது ஓரத்தில் கசிந்து விசிலடித்தது. இன்னொரு நாள் கரண்ட் போய் மிஷின் நின்றதும், மூச்சு முட்டி மாஸ்க்கைப் பிய்த்துக்கொண்டு எழுந்தாள். கன்னத்தில் வார் பதிந்த கோடு மத்தியானம்வரை மறையவில்லை. "யார்கிட்ட செல்வி அறை வாங்கின?" என்று டீச்சர் கேட்டார்.

வேறு யாராவது என்றால் பெட்டியை பீரோ மேலே ஏற்றியிருப்பார்கள். செல்விக்கு அது ஏன் தன்னோடு சண்டை போடுகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். மிஷின் பிரிவில் இருந்த மகாலட்சுமி என்ற பெண் பொறுமைசாலி. சின்ன அளவு மாஸ்க் மாற்றிக் கொடுத்தாள், வாய் திறக்காமலிருக்கத் தாடைக்கு ஒரு பட்டி கொடுத்தாள். கரண்ட் போனால் மாஸ்க்கைக் கழற்றிவிடச் சொன்னாள்.

"தூங்கறதுக்கு மட்டும் போடாதீங்கம்மா. பகல்ல டிவி பாக்கும்போது போட்டுக்கிட்டு உக்காருங்க. மூக்குக்குப் பழக்கம் வரும்."

அப்படியே செய்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மாஸ்க் மாட்டிக்கொண்டு, டிவி எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்தாள். மூச்சை வெளியே தள்ளும்போது தானும் பதிலுக்கு முட்டித் தள்ளுவதை அப்போதுதான் கவனித்தாள். அவசரப்படாமல் மெதுவாக விட்டுப் பார்த்தாள். காற்று ஒதுங்கி வழிவிட்டது.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் லில்லி உள்ளே வந்தாள். குழாயைப் பார்த்தாள், வந்த வேகத்தில் வெளியே ஓடினாள். செல்வி மாஸ்க்கைக் கழற்றுவதற்குள் தெருவில் சேதி போய்விட்டது: செல்விக்கு வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கோவில் உபதேசியார் சூசைநாதன் ஜெபப் புத்தகத்தோடு வந்து, நோயாளி பூண்டு உரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே தயங்கி நின்றார்.

"உள்ள வாங்க. எனக்கு ஒண்ணுமில்ல, இது காத்துப் பெட்டி," என்றாள் செல்வி.

"அண்ணி, நான் பயந்தே பூட்டேன்," என்றாள் அவர்களோடு திரும்பி வந்திருந்த லில்லி, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டே.

வந்தவர்களை அவள் வெறுமனே அனுப்பவில்லை. குழாயை அவரவர் உள்ளங்கையில் பிடித்துக் காற்றைத் தொட்டுப் பார்க்க வைத்தாள். ஃபில்டரைக் கழற்றி, அறுவடைத் தூசி படிந்து சாம்பல் நிறமானதைக் காட்டினாள். உபதேசியார்கூடக் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "குளுமையா இருக்குதே" என்றார்.

எல்லாரும் போன பிறகு ஸ்கூல் வேன் ஓட்டும் கண்ணையன் மட்டும் போகாமல் நின்றான்.

"யக்கா, சிக்னல்ல வண்டி நின்னா எனக்குக் கண்ணு சொருவுது. அதுவும் இதானா?"

"வூட்ல கொறட்டன்னு சொல்லுவாங்களா?"

"புள்ளைங்க வேற ரூம்ல போயி படுத்துக்குதுங்க."

செல்வி அவனை மேலும் கீழும் பார்த்தாள். வேனில் ஏறுகிற பிள்ளைகளில் பாதிப்பேர் அவள் சோறூட்டி வளர்த்தவர்கள். "நாளைக்கு உன் தம்பிய ஓட்டச் சொல்லு. நீ என்கூட ஆஸ்பத்திரிக்கு வா," என்றாள். அவன் தலையைச் சொறிந்தான், மறுக்கவில்லை.

அந்த மாதத்தின் கடைசியில் ஒரு காலையில் செல்வி எழுந்து வெகுநேரம் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். கனவு கண்டிருந்தாள். யாரோ ஒருவர் பாகூர் ஏரியில் பஸ் ஓட்டுகிறார், அவள் டிக்கெட் கேட்கிறாள். அர்த்தமில்லாத கனவுதான். ஆனால் கடைசியாக எப்போது கனவு வந்தது என்று யோசித்தால் ஞாபகமே வரவில்லை. மதியம் அங்கன்வாடியில் பிள்ளைகள் தூங்க, கொக்கியைச் சரிபார்த்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து, அவள் விழித்தே இருந்தாள்.

கண்ணையனுக்கும் அதே நோய்தான் என்று முடிவு வந்தது. சரியாகும்வரை வேனைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிஷின் வாங்கப் போன அன்றைக்கு செல்வியும் கூடப் போனாள். மகாலட்சுமி அவனுக்கு மாஸ்க் மாட்டிப் பெட்டியை ஓடவிட்டாள். அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செல்வி பெட்டியின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டாள்.

"இதுல சத்தம் வேற மாரி வருதேம்மா, ஏன்?"

மகாலட்சுமி சிரித்தபடி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா, சொல்றேன்," என்றாள்.