உரிக்காமல் விட்ட பிளாஸ்டிக்

எட்டாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டாலும், அம்பத்தூரில் சொந்தமாக லேத் பட்டறை போட்டவன் நான். என் மருமகளுக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் கம்ப்யூட்டர் வேண்டும் என்றார்கள். கடை விலை கட்டுப்படியாகவில்லை. பழைய பாகங்களாக வாங்கி, வீடியோ பார்த்து நானே பூட்டினேன். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் சூடாகாமலிருக்க மேலே மாட்டும் ஃபேன் மட்டும் புதுசு.

ஞாயிறு காலை போட்டால், ஐந்தே நிமிடத்தில் அணைந்துவிட்டது. மூன்று முறையும் அதே கதை.

"மாமா, ஆபீஸ்ல முடியாதுன்னு சொல்லிடவா?" என்றாள் மருமகள்.

"எவ்ளோ மிஷினு பாத்தவன்மா நானு. இது இன்னா பெரிய விசயம்?" என்றேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

ஃபேனைக் கழற்றியதும் என் மனைவி எட்டிப் பார்த்தாள். "அடியில இன்னாய்யா பளபளன்னு கீது?"

பிராசஸரைத் தொடவேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் தாள். புதுசு அழுக்காகிவிடுமே என்று நான்தான் உரிக்காமல் விட்டிருந்தேன். அதனால்தான் சூடு இறங்கவில்லை.

"பிரிட்ஜு, ரிமோட்டு எல்லாத்தையும் சட்டையோட வெச்சே. இதுக்குமா?" என்றாள். மருமகளும் சிரித்துவிட்டாள்.

உரித்து, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவி மாட்டினேன். நாள் முழுக்க ஓடியது. மறுநாள் மருமகள் வேலையில் சேர்ந்தாள்.

இப்போது எது வாங்கினாலும் முதலில் உறையைத்தான் உரிக்கிறேன். நேற்று சோபாவையும் உரித்தேன். ஆறு வருடமாக அடியில் மெத்தை இருந்தும் பிளாஸ்டிக்கில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.