ஹுஸ்னியாவின் வலது சுட்டுவிரல்

"இஞ்சயா?"

"இல்ல."

"அப்ப இஞ்ச?"

"இல்ல, இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு."

காலை ஏழு மணி. கல்முனைக் கடைத்தெருவுக்குப் பின்னாலுள்ள சிறிய இரத்தப் பரிசோதனை நிலையத்தில், ஹுஸ்னியா கண்ணை இறுக மூடிக்கொண்டு, செலீனாவின் முழங்கை மடிப்பில் வலது சுட்டுவிரலை மட்டும் வைத்துத் தேடுகிறாள். தேடுவது இரத்த நாளத்தை. பதினொரு வருடமாக இருவரும் இங்கே சேர்ந்து இரத்தம் எடுப்பவர்கள். இரத்தத்தில் சீனி பார்க்க மாதாமாதம் நற்பிட்டிமுனையிலிருந்து வெறும் வயிற்றோடு வந்து முதல் ஆளாய் வாங்குப் பலகையில் குந்தும் எனக்கு, இது என்ன கூத்தென்று அறியாமல் இருப்புக் கொள்ளவில்லை.

ஹுஸ்னியா கண்ணை நம்புகிறவள் அல்ல. "கண் பொய் சொல்லும், விரல் சொல்லாது" என்பாள். கொழுத்த கை, வற்றிய கை, மூன்று இடத்தில் குத்தி நீலம் பாய்ந்த கை எல்லாம் கடைசியில் அவளிடம்தான் வரும். என் நாளங்கள் என்னைப் போலவே பயந்தவை, ஊசியைக் கண்டதும் ஒளிந்துகொள்ளும். அவற்றையும் ஒரே தடவலில் பிடித்துவிடுவாள். ஊசி ஏற்றுமுன் எல்லோருக்கும் ஒரே ஓதல், எனக்கு அண்ணன் முறை வைத்து: "கரண்ட் அடிச்ச மாதிரி விரல் வரைக்கும் ஓடினா ஒடன கத்துங்க காக்கா. வெக்கப்படாதீங்க, நான் ஊசிய எடுத்திருவன்." நாளத்துக்குப் பக்கத்தில் நரம்பும் ஓடுகிறது, சிலருக்கு ஒட்டியே ஓடுகிறது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்று விளக்கமும் தருவாள்.

அப்படிப்பட்டவள் தன் முறை வந்தபோது வாயைத் திறக்கவில்லை. போன நோன்பில் நடந்தது. "வெறும் வயிறுதானே, எண்ட சீனியயும் பாத்திருவம்" என்று அஸர் தொழுகைக்குச் சற்று முன் செலீனாவிடம் கையை நீட்டியிருக்கிறாள். பகல் முழுதும் தண்ணீர் காணாத உடம்பு, நாளமெல்லாம் சுருங்கிக் கிடந்தது. இடது கையில் அகப்படவில்லை. வலது கையில் ஊசியை உள்ளே வைத்தபடி செலீனா கொஞ்சம் திருப்பினாள். சுட்டுவிரல் நுனி வரை சுரீரென்று ஓடியது.

"ஏன் கத்தல்ல?" என்று கேட்டேன்.

"நோன்போட இரிக்கன், சபூர் செய்வம், பொறுத்துக்குவம் எண்டு பல்லக் கடிச்சிட்டன். ஊருக்கெல்லாம் ஓதிப்போட்டு..." சிரித்தாள். "இப்ப விரல் மரத்துப்போய், கையுறைக்குள்ள இன்னொரு உறை போட்ட மாதிரி."

உணர்ச்சி ஆறு மாதத்திலும் வரலாம், ஒரு வருடத்திலும் வரலாம், வராமலும் போகலாம் என்றாராம் டாக்டர். வேலை இல்லாத நேரத்தில் கைப்பையிலிருந்து அரிசியும் பயறும் எடுத்து, கண்ணை மூடி உருட்டி, எது எதுவென்று தனக்குத்தானே சோதனை வைக்கிறாள். நாளம் பார்ப்பது இப்போது இடது விரல். அது வேலைக்குப் புதிது, என் கையில் இரண்டு தடவை தவறிவிட்டது. "இந்த விரல் திரும்பல்லண்டா நான் பேர் பதியிற மேசைக்குப் போகவேண்டியதுதான்" என்றாள். எனக்கு வலித்தது ஊசி குத்திய இடத்தில் அல்ல.

செலீனாவின் கவலை வேறு. ஹுஸ்னியா உள்ளே போயிருந்த நேரம் என்னிடம் மெல்லச் சொன்னாள்: "ஒரு சொல்லு சொல்லியிருந்தா எடுத்திருப்பனே. ஏழு மாசமா ஒவ்வொரு காலையும் கையக் குடுக்கன். சில நாள் மனம் கேக்காம, கைய மெல்ல நகத்தி அவட விரலுக்கு நேரா வச்சிருவன்."

"அவவுக்கு விளங்காதா?"

"விளங்கினா சும்மா விடுவாவா?"

அடுத்த மாதம் போனபோதும் இருவரும் அதே கதிரைகளில் இருந்தார்கள். ஹுஸ்னியா கண்ணை மூடிக்கொண்டாள். விரல் மேலே ஏறி, கீழே இறங்கி, நாளத்துக்கு ஒரு நெல்லளவு தள்ளி நின்றது.

"இஞ்சயா?"

செலீனா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையை அந்த ஒரு நெல்லளவு நகர்த்தினாள். நாளம் விரலுக்கு அடியில் வந்தது. "ஓம்" என்றாள்.

ஹுஸ்னியா கண்ணைத் திறக்கவில்லை. இடது கையால் செலீனாவின் மணிக்கட்டை எட்டிப் பிடித்து, முன்பு இருந்த இடத்துக்கே தள்ளி, அசையாமல் அழுத்திக்கொண்டாள். வலது சுட்டுவிரல் மறுபடியும் தேடத் தொடங்கியது.