சூரியனுக்கு வைத்த வெண்ணெய்

ஒளியாய் நின்று இருளின் பிழை பொறுக்கும் பெருமானே, துடைக்கத் தெரிந்த அளவுக்குப் பார்க்கத் தெரியாத அடியேனின் கை எழுதுவதையும் பொறுத்தருள்க.

அன்று தை முதல் நாள். கதிரவன் வடதிசை திரும்பும் புண்ணிய காலம். வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் அடுக்குமாடியின் ஆறாம் தளத்தில், கிழக்கு யன்னலை ஒட்டி எதிரெதிராக இரண்டு கதவுகள் உள்ளன. ஒன்று எங்களுடையது. மற்றது ஒரு மூதாட்டியுடையது. நோர்வேயின் வடகோடியில் கலைமான் மேய்த்த சாமி என்னும் பழங்குடியில் பிறந்தவர் அவர். பெயரைக் கண்டு முறுவலிப்பவர்கள் முறுவலித்துவிட்டு மேலே வாசிக்கலாம். அவருக்கு ஒரு கண் முன்பே ஒளியிழந்துவிட்டது. எஞ்சிய கண்ணுக்கு அடுத்த கிழமை புரை நீக்கும் சத்திரசிகிச்சை என்று மின்தூக்கியில் சொல்லியிருந்தார். சொன்ன குரலில் நடுக்கம் இல்லை. கைத்தடியை மட்டும் இரு கையாலும் பற்றியிருந்தார்.

அவருடைய முன்னோரில் ஒருவர் நோஐதி. பறையடித்துத் தம் உயிரை வேற்றுலகுக்கு அனுப்பி, அங்கே செய்தி கேட்டுத் திரும்பும் பூசகரை அவர்கள் அப்படி அழைப்பார்களாம். மான்தோற் பறையில் சூரியனையும் தேவியரையும் மரப்பட்டைச் சாற்றால் வரைந்திருப்பார்கள். மேலே வைத்த பித்தளை வளையம் அதிர்வில் நகர்ந்து எந்த உருவத்தில் நிற்கிறதோ, அதுவே தெய்வத்தின் விடை. பிற்காலத்தில் பாதிரிமார் அப்பறைகளைப் பறித்து எரித்தார்கள். இதை அவர் சொன்ன அன்று, அந்தப் பறை எங்கள் பெருமானின் உடுக்கைக்குத் தங்கை முறை என்று நான் அரை மணி நேரம் நிறுவினேன். எரிந்த பறைக்காக ஓர் ஆறுதல் வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. வீட்டுக்குள் வந்ததும் மனைவி சொன்னார்: "உலகத்தில எந்தத் தெய்வமும் உங்களிட்டைப் பதிஞ்சுபோட்டுத்தான் இருக்கவேணும் போல."

கோயில் வாசலைத் துலக்கும் உழவாரத் தொண்டு என் இளமைக்கால விரதம். இங்கே கோயில் தொலைவு, பனியோ கனம். ஆகவே என் தொண்டு தளத்தின் நடைவழியில் வந்து இறங்கிற்று. பொங்கலன்று விடிந்ததும், பதிகம் ஒன்றை முணுமுணுத்தபடி எங்கள் கதவுநிலையைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டேன். திரும்பிப் பார்த்தால் எதிர்க்கதவின் இரு நிலைகளிலும் மஞ்சட் பிசுக்கு. எவரோ பீட்சா தின்ற கையைத் துடைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். கண் தெரியாத அயலவருக்கு உதவும் பெருமிதத்தோடு, சுடுநீரும் சவர்க்காரமும் கொண்டு ஒரு பொட்டும் மிஞ்சாமல் துடைத்தேன். அதோடு நின்றேனா? அங்கேயும் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

அம்மையார் கதவைத் திறந்தார். நிலையைத் தடவினார். விரலை முகர்ந்தார். பிறகு, இங்கே வெண்ணெய் இருந்ததே என்று மெல்லக் கேட்டார்.

துணியைப் பின்னால் மறைத்த நான் அதை முன்னால் கொண்டுவந்து, நான்தான் என்றேன்.

அவர் கோபிக்கவில்லை, அது எனக்குக் கூடுதல் தண்டனையாயிற்று. அவர் பிறந்த வடகோடியில் பனிக்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் உதிப்பதில்லை. சூரியன் அவர்களுக்குப் பெண்; பெய்வி என்று பெயர். நீண்ட இருள் கழிந்து மெலிந்து வருகிறவள் உண்டு தேறுவதற்காகக் கதவுநிலையில் வெண்ணெய் பூசி வைப்பார்களாம். தாயார் செய்ததை இவ்வருடம் தாமும் செய்திருக்கிறார், அந்த ஒரு கண்ணுக்காக. வீட்டிலிருந்த வெண்ணெய் அவ்வளவுதான்.

நான் எங்கள் அடுப்படிக்கு ஓடினேன். பொங்கலுக்கு உருக்கிய நெய் கிண்ணத்தில் இருந்தது. காரணத்தைக் கேட்ட மனைவி அகப்பையைக் கீழே வைத்தார்.

"இஞ்சாருங்கோ, சூரியனுக்குப் படைச்சதைத் துடைச்சுப்போட்டு, அந்த இடத்தில பொட்டும் வச்சனீங்களே?"

"ஊத்தை எண்டு நினைச்சன்."

"ஓம். உள்ளுக்க பொங்கல் பானையும் இருக்கு. அதையும் ஒருக்கால் துடைச்சு விடுங்கோவன்."

சொன்னாரே தவிர, கிண்ணத்தை முழுதாக என் கையில் தந்தார்.

வெண்ணெய் இல்லை, உருக்கிய நெய்தான் இருக்கிறது, ஆகுமா என்று தயங்கினேன். அம்மையார் யோசித்துவிட்டு, அவள் வந்து செய்யவேண்டிய உருக்கும் வேலையை நாம் முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறோம், களைத்து வருகிறவள் வேண்டாம் என்றா சொல்வாள் என்றார். விரலை நெய்யில் தோய்த்தார். கை நிலையைத் தேடித் தவறியது. "இடத்தைக் காட்டுங்கள்," என்றார். "துடைத்தவருக்குத்தானே தெரியும்."

நான் காட்டிக் கொடுக்க, அவர் பூசினார். சந்தனத்தை அழிக்கவேண்டாம் என்றும் சொன்னார். விருந்தாளி கொஞ்சம் வாசனையோடு உண்ணட்டுமாம்.

கதிரவன் வந்தானா, வந்தாளா என்று கேட்பீர்கள். முகில் விலகவில்லை. யன்னலில் கடுகளவு சிவப்பு தெரிந்தது. முதல் நாளில் தங்கள் ஊரிலும் அவ்வளவுதான், அதுவே போதும் என்றார் அவர். உள்ளே பால் பொங்கியது. மனைவி எங்கள் இருவரையும் அழைத்தார்.

சத்திரசிகிச்சை முடிந்து சில நாள் அவர் கறுப்புக் கண்ணாடியோடு நடமாடினார். பிறகு ஒரு காலை எங்கள் கதவு தட்டப்பட்டது. கண்ணாடி இல்லாமல் நின்றார். என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பின்னர் குனிந்து எங்கள் வாசற்படியின் மூலையைச் சுட்டிக்காட்டி, இந்த அழுக்கு எத்தனை வருடத்தது என்று கேட்டார். உண்மையாகவே இருந்தது, கரிய கோடாக, ஒரு சாண் நீளத்துக்கு.

மனைவி சிரித்த சிரிப்பு மின்தூக்கிவரை கேட்டிருக்கும். நான் அகமகிழ்ந்து துணியை எடுத்துவந்தேன்.

இதை வாசிக்கும் யாவர் வாசலிலும் ஞாயிறு வந்து பசியாறுக. கண்கள் தெளிக. பிறர் கதவைத் தொடுமுன் தட்டிக் கேட்கும் நல்லறிவு எனக்குச் சற்றுப் பிந்தி வாய்த்தது. உங்களுக்கு அது முந்தியே வாய்ப்பதாக.