பல் செட்டுக்காரரின் இசைத்தட்டுகள்

பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்துகொடுப்பது அவர் தொழில். அடுத்தவர் வாய்க்கு அளவெடுத்தே முப்பது வருடம் ஓடிவிட்டது. தன் வாயை அடக்கத்தான் வரவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், உட்காருங்கள் என்று சொல்வதற்குள் இசைத்தட்டின் பெருமையை ஆரம்பித்துவிடுவார். "போன்ல வர்றதெல்லாம் பாட்டோட நிழல்தாங்க. தட்டுலதான் உயிர் இருக்கு."

அந்த உயிர்கள் நானூற்றுச் சொச்சம் பின்னறையை அடைத்துக்கொண்டிருந்தன. அவர் மனைவி துணி தைத்துக் கொடுப்பவர். தையல் மிஷினோ சமையலறையில், ஃபிரிட்ஜுக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவே கிடந்தது. ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டுமென்றால் தைக்கிற அம்மாள் எழுந்து நின்றாக வேண்டும். ஒருநாள் யாருடைய கல்யாண உடுப்பிலோ பால் கொட்டியதும் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்க கண்ணைக் கட்டிடறேன். ஆறு பாட்டு. ஒவ்வொண்ணையும் தட்டுல ஒரு தடவை, போன்ல ஒரு தடவை போடறேன். எது தட்டுன்னு சரியா சொன்னா ரூம் உங்களுக்கு. தப்பா சொன்னா தட்டெல்லாம் பழைய சாமான் கடைக்கு, ரூம் எனக்கு."

"ஆறென்ன, அறுபது போடு!" என்றார் பல் செட்டுக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியின் தம்பி நடுவராக வந்து உட்கார்ந்தார். போனையும் அதே ஸ்பீக்கரில் இணைத்தாயிற்று. முதல் பாட்டு ஆரம்பித்தது. "இது போன்தான். ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா இருக்கு பாரு," என்று உதட்டைப் பிதுக்கினார். அதே பாட்டு இரண்டாம் முறை லேசான கரகரப்போடு வந்ததும் மனிதர் உருகிப்போனார். "இதுதான் தட்டு! என்ன உயிர், என்ன உயிர்!" ஆறு பாட்டுக்கும் இதே கூத்து.

கண்கட்டை அவிழ்த்தார்கள். ஆறும் தப்பு.

அவர் நம்பவில்லை. தம்பிதான் போனைக் குடைந்து விஷயத்தைக் கண்டுபிடித்தார். யாரோ ஒரு புண்ணியவான் தன் வீட்டுக் கீறல் விழுந்த தட்டுகளிலிருந்தே அந்தப் பாட்டுகளைப் பதிவு செய்து, கரகரப்பு உட்பட இணையத்தில் ஏற்றியிருந்தார். இவருடைய தட்டுகளோ, பல் செட் தேய்க்கிற பிரஷ்ஷால் வாரம் தவறாமல் கழுவப்பட்டவை. பொட்டுத் தூசி கிடையாது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறார், அதுவும் பார்த்துப் பார்த்து.

"குத்துமதிப்பா சொன்னாக்கூட மூணு சரியா வந்திருக்கும். ஆறும் தப்புன்னா உங்க காது ரொம்பக் கூர்மைதான் மாமா," என்று தம்பி சமாதானம் சொன்னது வெந்த புண்ணில் வேல்.

மாலையில் அவரே அட்டைப்பெட்டி கொண்டுவந்து தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். பாதி அடுக்கியபோது மனைவி தையல் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு சுவரோரம் நிறுத்தினார்.

"போதும், வெளிய எடுங்க. பாதி ரூம் எனக்கு, பாதி உங்களுக்கு."

"நான்தான் தோத்துட்டேனே?"

"தோத்தது தோத்ததுதான். ஆனா போன்னா காதுல மாட்டிக்கிட்டு மூணு மணி நேரம் அசையாம கிடப்பீங்க. வீடு இடிஞ்சாலும் தெரியாது. தட்டுன்னா இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட எழுந்திருக்கறீங்க. அப்பதான் என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசறீங்க."

அவருக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. பெட்டிக்குள் கைவிட்டு வெகுநேரம் துழாவினார். பெரிய தட்டுகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பக்கத்துக்கு ஒரே பாட்டு உள்ள, மூன்றே நிமிடத்தில் முடிந்துவிடுகிற சின்னத் தட்டு ஒன்றை எடுத்துப் போட்டார்.