சந்தனம் அடைத்த கம்ப்யூட்டருக்கு நான் போட்ட புது விண்டோஸ்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கொள்ளேகாலிலிருந்து மைசூருக்கு வந்து சென்ட்ரிங் பலகை சுமந்தேன். பிறகு நானே மேஸ்திரியாகி நாற்பத்திரண்டு வீடு கட்டினேன். அத்தனை வீட்டுப் படமும் என் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை.

அதற்குப் புது விண்டோஸ் ஏற்ற, மைசூர் ஹெப்பாளில் ஐடி வேலை பார்க்கும் மருமகள் மனிஷா பென் டிரைவைச் சொருகினாள். பெட்டி கண்டுகொள்ளவே இல்லை.

“இது ஆகல்ல மாமா, இனித் தேறாது. குஜரிக்கடையில எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம்.”

“நாப்பத்திரண்டு வீட்டையும் குஜரிக்குப் போடச் சொல்றியா கண்ணு? தள்ளு, நான் பாக்கறேன்.”

டார்ச் அடித்தேன். பென் டிரைவ் போகும் ஓட்டைகளில் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. ஆயுத பூஜையன்று பெட்டிக்குத் தாராளமாகப் பொட்டு வைத்தவன் நானேதான், மறைப்பானேன்? கரண்டைப் பிடுங்கிவிட்டு, பல்குச்சியால் பொறுமையாகச் சுரண்டி, பிரஷால் துடைத்தேன். மறுபடி சொருகியதும் கம்ப்யூட்டர் வாயைத் திறந்தது.

சாயங்காலத்துக்குள் புது விண்டோஸ் ஏறிவிட்டது. நாற்பத்திரண்டு வீடும் ஒன்று குறையாமல் திறந்தன.

“எங்க டீம்ல யாருக்கும் இது தோணியிருக்காது மாமா.”

“அதை உங்க ஆபீஸ்லயும் சொல்லு, என் பேரோட!”

மறுநாளே சொல்லிவிட்டாள். கைதட்டினார்களாம்.